ஒரு நூல் கம்மி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் களைகட்டிவிடும். வஞ்சிரம் வாங்கலாம் என்று போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை நடைமேடை ஓரமாக ஒட்டி நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சாவியை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். அசைந்தது, ஆனால் வரவில்லை. சாவியை வண்டியில் விட்டுவிட்டு இறங்கிப்போக முடியாது. கையோடு எடுத்துப்போகவும் வழியில்லை. ஐஸ் பெட்டி சுமந்துபோன பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "கட்டிங் பிளேயர் எத்தாரவா சார்?" என்று கேட்டான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தப்புச் செய்கிறோம். வராத பொருளை இன்னும் பலமாக இழுப்பது நம் கைக்குப் பழகிப்போன பதில். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒரு மணி நேரத்துக்கு முன்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போன அதே சாவி, அதே ஓட்டை. போகும்போது இல்லாத தடை வரும்போது எங்கிருந்து வந்தது?

அந்தப் பையனே கல்மண்டபத்திலிருந்து ஒரு சாவிக்காரரை அழைத்துவந்தான். ஐம்பதைத் தாண்டியவர், தோளில் தகரப் பெட்டி. சாவியைத் தொடவே இல்லை. ஸ்டீரிங்குக்குக் கீழே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாவித்துவாரத்தை உற்றுப் பார்த்தார்.

"இழுக்காதீங்க சார். சாவி இன்னும் லாக்குக்கே வரல. ஒரு நூல் கம்மியா நிக்குது."

நம் ஊர்ப் பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவர் சொன்னது அந்தக் கணக்கு இல்லை. இம்மியளவு என்ற பொருளில் சொன்னார். அந்த இம்மி எவ்வளவு, அதை எது தின்றது என்று தேடிப்போனதில் கிடைத்ததே இந்த அத்தியாயம்.

சாவி அளக்கிறது

பூட்டு என்றதும் நமக்குத் திண்டுக்கல் ஞாபகம் வரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுக்குள் கனமான நெம்புகோல் தகடுகள் இருக்கின்றன. உள்ளங்கையை நிறைக்கும் மாங்காய்ப் பூட்டில் அவற்றுக்குத் தாராளமாக இடமுண்டு. காரின் இக்னீஷன் பூட்டுக்கு அந்த வசதி கிடையாது. கட்டைவிரல் பருமனுக்குள் எல்லாம் அடங்கவேண்டும். அதனால் அதன் உள்வேலை வேறு விதம்.

இரண்டு பாகங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நடுவில் சுழலும் ஓர் உருளை. அதைச் சுற்றி அசையாத ஒரு கூடு. உருளையின் குறுக்கே வரிசையாகச் சில கீறல்கள். ஒவ்வொரு கீறலிலும் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு செருகப்பட்டிருக்கும். தகட்டின் நடுவில் சாவி நுழைய ஒரு சன்னல். பக்கத்தில் எறும்பளவு சுருள்வில் ஒன்று, தகட்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சாவி இல்லாதபோது தகடுகளின் ஓரம் உருளையை விட்டு வெளியே நீட்டி, கூட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். உருளை சுழல முடியாது.

சாவியை நுழைத்தால் அது எல்லாச் சன்னல்கள் வழியாகவும் போய், ஒவ்வொரு தகட்டையும் தன் வெட்டுகளின் ஆழத்துக்கு ஏற்ப உள்ளே இழுக்கிறது. உருளை முடிந்து கூடு தொடங்கும் இடத்தை எல்லைக்கோடு என்று வைத்துக்கொள்வோம். சரியான சாவி என்றால் எல்லாத் தகடுகளின் ஓரமும் அந்தக் கோட்டில் வந்து சமமாக நிற்கும். ஒன்று கொஞ்சம் நீட்டினாலும், ஒன்று கொஞ்சம் கூடுதலாக உள்வாங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தாலும் உருளை நகராது. திருப்புவது நம் விரல். சாவியின் பற்கள் அளந்து கொடுக்கின்றன, அவ்வளவுதான் அவற்றின் வேலை.

ஒரு வெட்டுக்கும் அடுத்த ஆழத்து வெட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் அரை மில்லிமீட்டர். ஆறு தகடு, தகட்டுக்கு நான்கு ஆழம் என்றால் 4,096 விதமான சாவிகள் செய்யலாம். லட்சக்கணக்கான கார்கள் ஓடும் நகரத்துக்கு இது போதாது. பின்னாளில் சாவிக்குள் சில்லு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆளைத் தள்ளி அளவை நம்பும் இந்த யோசனை பழையது. எகிப்தியர்களின் மரப்பூட்டில் முளைகள் இதே வேலையைச் செய்தன. 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் அதை உலோகத்தில் சிறியதாக்கினார். முளைக்குப் பதில் தகடு வைத்த பூட்டுக்கு 1868-ல் ஃபிலோ ஃபெல்ட்டர் காப்புரிமை பெற்றார். இன்று நம் கார்களில் இருப்பது அந்தத் தகட்டுப் பூட்டின் வாரிசு.

திரும்பிய பின் ஏன் விடாது?

இப்போது புதிருக்கு வருவோம். சாவியின் வெட்டுகளை மேடும் பள்ளமுமான ஒரு பாதையாக நினைத்துப் பாருங்கள். சாவியை வெளியே இழுக்கும்போது, பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் தகடு அடுத்த மேட்டில் ஏறவேண்டும், பிறகு அடுத்த பள்ளத்தில் இறங்கவேண்டும். ஆறு தகடும் இப்படி ஏறி இறங்கினால்தான் சாவி நகரும். ஏறி இறங்க அவற்றுக்கு உருளைக்கு வெளியே கொஞ்சம் இடம் வேண்டும். அந்த இடம்தான் கூட்டில் உள்ள பள்ளம்.

பள்ளம் இருப்பது லாக் என்று எழுதிய நிலைக்கு நேரே மட்டும்தான். சாவியை ஆன் பக்கம் திருப்பியதும் தகடுகளுக்கு எதிரே வழவழப்பான சுவர் வந்துவிடுகிறது. ஏற நினைக்கும் தகடு சுவரில் முட்டுகிறது. தகடு அசையாததால் சாவி அசையாது. ஓடும் வண்டியில் சாவி நழுவி விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு இது. சாவியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி என்று தனியாக எதுவும் உள்ளே கிடையாது. அதன் சொந்த மேடுபள்ளங்களே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

சாவிக்காரரின் ஒரு நூல் இப்போது புரியும். உருளையின் குறுக்களவு 12 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் சுற்றளவை 360 பாகைக்குப் பங்கிட்டால், ஒரு பாகை திரும்பும்போது உருளையின் விளிம்பு நகரும் தூரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். லாக் நிலைக்கு இரண்டு மூன்று பாகை குறைவாக நின்றாலும் தகட்டின் ஓரம் பள்ளத்தின் உதட்டில் முட்டிக்கொள்ளும். வெளியே சாவித்தலையைப் பார்க்கும் நம் கண்ணுக்கு அது நேராக நிற்பதாகவே தெரியும். இரண்டு மூன்று முடி அகலம் குறைந்துபோன ஒரு சாவியோடுதான் அன்று காலை நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மல்லுக்கட்டுவதால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். சாவித்தலையின் அகலம் மூன்று சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் அலகின் அகலம் எட்டு மில்லிமீட்டர். தலையின் ஓரத்தில் விரல் கொடுக்கும் பலம் அலகின் ஓரத்தில் ஏறக்குறைய நாலு மடங்காகப் போய்ச் சேர்கிறது. விரலால் இரண்டு கிலோ கொடுத்தால் அங்கே ஏழெட்டு கிலோ. கட்டிங் பிளேயரால் பிடித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். அலகில் ஆழமான வெட்டு இருக்கும் இடத்தில் உலோகம் மிக ஒல்லி. முறிந்தால் அங்கேதான் முறியும். முறிந்த பாதி உள்ளே இருக்கும்.

முதலில் பூட்டைச் சந்தேகிக்காதே

அவர் பூட்டைத் தொடுவதற்கு முன் என்னிடம் வரிசையாகக் கேட்டார். "கியர் இன்னா, கையா ஆட்டோவா?" கைக் கியர் என்றேன். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் நெம்புகோல் முழுசாகப் பார்க்கிங்கில் விழுந்தால்தான் சாவி லாக்குக்குத் திரும்பும். ஒரு துளி முன்னே நின்றாலும் உள்ளே ஒரு தடுப்பு குறுக்கே நிற்கும். சில வண்டிகளில் அந்தத் தடுப்பை விலக்குவது ஒரு சின்ன மின்காந்தம். பேட்டரி செத்துவிட்டால் பூட்டில் ஒரு குறையும் இல்லாமலே சாவி மாட்டிக்கொள்ளும். இன்னும் சில வண்டிகளில் சாவியைக் கொஞ்சம் உள்ளே அமுக்கிக்கொண்டே திருப்பினால்தான் கடைசிப் படிக்கு வரும். ஓடும்போது தவறிப்போய் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக.

அடுத்து ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். சாவி திரும்பவே மறுக்கும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். சாவியை எடுத்ததும் ஒரு தடித்த முளை பாய்ந்து ஸ்டீரிங் தண்டின் பள்ளத்தில் உட்கார்கிறது. மேற்கு ஜெர்மனி 1961-லேயே எல்லாக் கார்களுக்கும் இந்தப் பூட்டைக் கட்டாயமாக்கியது. சக்கரத்தை நடைமேடையில் முட்டுக்கொடுத்து நிறுத்தினால் டயர் முறுக்கிய ரப்பர் மாதிரி பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும். அந்த முறுக்கு முழுவதும் ஸ்டீரிங் தண்டு வழியே வந்து முளையை ஒரு பக்கமாக அழுத்தும். அழுத்தம் கூடக் கூட உராய்வு கூடும். சாவி என்ன செய்தும் முளையைப் பிடுங்க முடியாது. ஒரு கையால் ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளி அழுத்தத்தை எடுத்துவிட்டு, மறு கையால் சாவியைத் திருப்பினால் ஒரு நொடியில் விடும். இதைத் தெரியாமல் லாக் செட்டையே மாற்றியவர்கள் உண்டு.

என் வண்டியில் இவை எதுவும் இல்லை. அவர் பெட்டியிலிருந்து மின்முனைகளைத் துடைக்கும் ஸ்பிரேயை எடுத்து, சாவியை ஒட்டியே துவாரத்துக்குள் இரண்டு முறை பீய்ச்சினார். "ஒரு டீ அடிச்சிட்டு வாங்க" என்றார். டீ குடித்து வந்தபின், சாவியை இழுக்காமல் உள்ளே அமுக்கிப் பிடித்து, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் சாவித்தலையை மெல்ல, கதவைத் தட்டுவதுபோலத் தட்டினார். நாலாவது தட்டில் சாவி நகர்ந்து லாக்கில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் வெறும் விரலோடு வந்தது.

தட்டுவதில் மந்திரம் இல்லை. ஒட்டி நிற்கும் இரண்டு பரப்புகளை நகர்த்தத் தொடங்கத் தேவைப்படும் பலம், நகரத் தொடங்கியபின் தேவைப்படுவதைவிட அதிகம். கனமான பீரோவை நகர்த்தியவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு தட்டும் ஒரு கண நேரத்துக்குப் பரப்புகளின் பிடியைத் தளர்த்துகிறது. அந்தக் கணத்தில் சுருள்வில்லின் சிறிய பலமே போதுமானதாகிவிடுகிறது.

பாதி கடலு, பாதி தெர்மலு

சாவி வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் விடவில்லை. சாவியை நடுநிலைக்குத் திருப்பி, ஒரு சின்ன ஓட்டைக்குள் கம்பியை அழுத்தி, உருளையை அப்படியே உருவி எடுத்தார். நடைமேடையில் ஒரு செய்தித்தாளை விரித்து, இடுக்கியால் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் அடுக்கினார். நான்கு தகடுகள் தாமாக வந்தன. இரண்டு வரவில்லை. அவற்றின் கீறல்களில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அதோடு சாம்பல் நிறத்தில், விபூதியைத் தண்ணீரில் குழைத்ததுபோல ஒரு பசை.

"இது இன்னா தெரியுமா சார்? பாதி கடலு, பாதி தெர்மலு."

இதைவிடச் சரியான வேதியியல் விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. கனமானவை கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இறங்கிவிடும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை விரைவுச்சாலை கடலை ஒட்டியே ஓடுகிறது. மதியம் தொடங்கும் கடற்காற்று அந்தத் துகள்களை நேராக வண்டிக்குள் கொண்டுவந்து போடுகிறது. உப்பு சும்மா இருந்தால் பரவாயில்லை. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி நீர்த்துப்போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தன்னையே கரைத்துக்கொள்ளும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். சென்னைக் காற்று அதற்குக் கீழே காய்வது அபூர்வம். அப்படியானால் கடலோர வண்டியின் பூட்டுக்குள் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கிறது. நமக்குத் தெரிவதில்லை.

பூட்டின் கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. தகடுகள் பித்தளை. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர். இது ஒரு பேட்டரி. டார்ச் லைட்டுக்குள் மறந்துபோய் விட்ட செல் கசிந்து வெள்ளையாகப் பூப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளை எதுவென்று தெரியும். துத்தநாகம் மெல்லக் கரைந்து வெள்ளை உப்பாக மாறுகிறது. அந்த உப்பு, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். தகட்டைச் சுற்றி விட்டிருந்த முடியளவு இடைவெளி உள்ளிருந்தே அடைபட்டுப்போகிறது.

இனி தெர்மல். 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் ஓடுகிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோ எரித்தால் முப்பது நாற்பது கிலோ சாம்பலாக மிஞ்சும். புகைபோக்கியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறார்கள். பிடித்த சாம்பலை நீரில் கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தால் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிகிறது, குளம் காய்ந்தால் காற்றில் எழும்புகிறது. நுண்ணோக்கியில் இந்தச் சாம்பல் அழகானது: கண்ணாடி மணிகள்போல உருண்டையானவை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குவரை. ஆனால் அந்தக் கண்ணாடியும் அதோடு சேர்ந்த குவார்ட்ஸும் பித்தளையைவிடக் கடினம். காய்ந்திருக்கும்போது உருண்டோடும். உப்பு ஈரம் பட்டால் சேர்ந்து பசையாகி, தகட்டுக்கும் கீறலுக்கும் நடுவே அரைத்தூளாக வேலை செய்யும்.

ராயபுரத்துக்காரர்களுக்கு இந்தத் தூசியின் கறுப்பு அண்ணனையும் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நிற்கும்வரை, காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலையில் வெள்ளையாகத் திரும்பியதில்லை. நிலக்கரி வடக்கே எண்ணூருக்கு நகர்ந்தது. தூசியும் அதோடு நகர்ந்தது. சாவித்துவாரத்தின் சின்னக் கதவைத் தாண்டி உள்ளே போகும் துகளுக்குச் சன்னல் ஒரு பொருட்டா, மூக்கு ஒரு பொருட்டா? பூட்டைக் கழற்றிக் கழுவிவிட்டோம். சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கத்துப் பிள்ளைகளின் நெஞ்சை அப்படிக் கழற்றிக் கழுவ வழியில்லை. இந்த அத்தியாயத்துக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

நுனி முதலில் தேயும்

கழுவித் துடைத்தபின் சாவிக்காரர் என் சாவியை வாங்கி நுனியை விரலால் தடவினார். "சாவியும் ஆயிப்போச்சு சார். மூக்கு மழுங்கிடுச்சு." சாவி தேயும் என்பது தெரியும், நுனி மட்டும் ஏன் தேயவேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தண்டையார்பேட்டையில் பார்சல் கொடுக்கும் ஒரு வேன். நாளைக்கு 40 இடத்தில் நிறுத்தி, 40 முறை சாவியை எடுத்துச் செருகுகிறார் ஓட்டுநர். பூட்டில் ஆறு தகடு. சாவி உள்ளே போகும்போது அதன் நுனி முதல் தகட்டில் உரசும், பிறகு இரண்டாவதில், மூன்றாவதில், இப்படி ஆறாவதுவரை. வெளியே வரும்போதும் ஆறு. ஆக ஒரு தடவைக்கு 12 உரசல். சாவித்தலைக்கு அருகே உள்ள கடைசி வெட்டு முதல் தகட்டோடு நின்றுவிடுகிறது. அதற்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, மொத்தம் 2.

நாளைக்கு 40 தடவை, வருஷத்துக்கு 300 நாள். நுனிக்கு 1,44,000 உரசல். தலைப்பக்கத்து வெட்டுக்கு 24,000. ஒரே சாவி, ஒரே உலோகம், ஆறு மடங்கு வித்தியாசம்.

பூட்டின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு தலைகீழ். ஆழத்தில் இருக்கும் ஆறாவது தகட்டை நுனி மட்டும்தான் தொடுகிறது. வாசலில் இருக்கும் முதல் தகட்டின் மீது சாவியின் ஆறு மேடுகளும் ஏறி இறங்குகின்றன. தூசியும் முதலில் அங்கேதான் படிகிறது. ஆகவே பூட்டில் வாசல் தகடும் சாவியில் நுனியும் சேர்ந்து தேய்கின்றன. நுனி தேய்ந்தால் ஆறாவது தகடு எல்லைக்கோட்டுக்கு வராது; வாசல் தகடு தேய்ந்தால் அதுவும் வராது. அரைத்தூள் சேர்ந்தால் ஒவ்வொரு உரசலும் பட்டைத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். புதுப் பூட்டில் இருந்த முடியளவு தாராளம் இப்படி இரண்டு பக்கமும் கரைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்ந்துபோகிறது. நமக்கு அது திடீரென்று நடந்ததாகத் தோன்றுகிறது.

எண்ணெயா, பென்சிலா?

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீட்டு வழக்கம். கதவுப் பூட்டுக்கு அது கொஞ்ச நாள் கைகொடுக்கும். தூசி நிறைந்த ஊரில் கார்ப் பூட்டுக்கு அது கெடுதல்: வருகிற சாம்பலையெல்லாம் பிடித்துவைத்துப் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 வேறு வகை. 1953-ல் அமெரிக்காவில் உருவான அதன் பெயரிலேயே நீரை விரட்டும் வேலை இருக்கிறது. பசையை இளக்கவும் ஈரத்தை வெளியேற்றவும் நன்று. ஆனால் அதில் மிஞ்சும் மெல்லிய எண்ணெயும் தூசி பிடிக்கும் என்பதால், பூட்டுக்குள் தங்கவிடுவதைவிடக் கழுவிவிட்டுத் துடைத்துவிடுவது மேல்.

எனக்குப் பென்சில் ஆசை இருந்தது. சாவியில் பென்சிலைத் தேய்த்துச் செருகினால் வழுக்கும் என்று பள்ளியில் கற்ற வித்தை. அது பொய்யில்லை. பென்சிலில் உள்ள கிராஃபைட் அடுக்கடுக்கான கரி. சீட்டுக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். அந்தச் சறுக்கலுக்குக் காற்றின் ஈரம் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் கரித்துண்டுகள் விரைவாகத் தேய்ந்து தூளானதிலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். மேலே காற்று மிகவும் உலர்ந்திருந்தது. அப்படிப் பார்த்தால் எண்ணூர்க் காற்று கிராஃபைட்டுக்கு ஏற்ற காற்று என்று சொல்லத் தோன்றும்.

சாவிக்காரரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "கடலாண்ட வண்டிக்கு வேணாம் சார். போட்டா பூக்கும்." ஏன் என்று அவர் சொல்லவில்லை, அனுபவம் சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு பழைய டார்ச் செல்லை அறுத்துப் பார்த்தபோது புரிந்தது. வெளியே துத்தநாகக் குப்பி, நடுவே கரித்தண்டு, இடையில் உப்புப் பசை. உப்பேறிய துத்தநாகப் பூட்டுக்குள் பென்சில் கரியைத் தூவினால் நாம் செய்வது அந்தச் செல்லைத்தான். கரி சேரச் சேரத் துத்தநாகம் இன்னும் வேகமாகக் கரையும். போதாக்குறைக்குப் பென்சில் குச்சியில் கிராஃபைட்டோடு களிமண்ணும் கலந்திருக்கிறது.

அவர் போட்டது உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரே. 1938-ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலர் தற்செயலாகக் கண்டெடுத்த பொருள், நம் தோசைக்கல்லில் ஒட்டியிருப்பது. மின்சாரத்தைக் கடத்தாது, உலோகத்தோடு சேராது. கரைப்பான் ஆவியானதும் மெழுகுபோல ஒரு படலம் மட்டும் மிஞ்சும். முக்கியம் அதற்கு முந்திய வேலைதான்: உப்பை முழுக்கக் கழுவி, சைக்கிள் பம்பால் காற்றடித்து உலர்த்துவது. அதைச் செய்யாமல் எதைப் பூசினாலும் உப்பை உள்ளே வைத்துப் பூசுவதாகிவிடும்.

இளகிப்போனாலும் ஆபத்து

வழுக்கிக்கொண்டு திரும்பும் சாவிதான் நல்ல சாவி என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு நிலையிலும் சாவி கொஞ்சம் தடுக்கி நிற்கவேண்டும். அதற்கென்று உள்ளே ஒரு வில்லும் முளையும் வைக்கிறார்கள். 2014-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தத் தடுக்கும் வில் பலவீனமாக இருந்தது. கனமான சாவிக்கொத்தோ, முழங்கால் இடியோ போதும், ஓடும்போதே சாவி ஒரு படி பின்னால் நழுவி எஞ்சின் அணைந்துவிடும். மோதலின்போது காற்றுப்பையும் விரியாது. 124 பேர் இறந்ததாக இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது.

நம் சாவிக்கொத்தைப் பாருங்கள். வாசல் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் சாவி, முருகன் டாலர். கன்டெய்னர் லாரிகள் உழுத சாலையில் ஒவ்வொரு குழிக்கும் அந்தக் கனம் குதித்து உருளையைக் கீழே இழுக்கிறது. கார் சாவியைத் தனியே கழற்றி வைப்பதற்குக் காசு ஆகாது.

எண் பொறித்த வில்லை

"இந்த சாவிய வச்சி டூப்ளிகேட் போடாதீங்க" என்றார் கிளம்பும்போது. தேய்ந்த சாவியிலிருந்து எடுக்கும் நகல் தேய்மானத்தையும் நகலெடுக்கும். வெட்டும் இயந்திரம் தன் பங்குக்குக் கொஞ்சம் பிசகும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. புதுக் கார் வாங்கும்போது சாவியோடு ஒரு சின்ன வில்லையில் எண் பொறித்துத் தருவார்கள். பலர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வெட்டுகளின் மூல ஆழம் அந்த எண்ணில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் தேய்மானம் தெரியாத, முதல் நாள் சாவியை வெட்டித் தருவார்கள். சாவித்தலைக்குள் சில்லு உள்ள வண்டியென்றால் அதையும் பதிவுசெய்யவேண்டும். அந்தச் சில்லுக்குப் பேட்டரி கிடையாது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் அலையிலேயே உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். வெட்டு சரியாக இருந்து சில்லு பேசாவிட்டால் பூட்டு திரும்பும், வண்டி கிளம்பாது.

வில்லையைத் தேடிப்பிடித்தேன், பூஜை அலமாரியில் பழைய ரசீதுகளுக்கு அடியில் இருந்தது. அடுத்த ஞாயிறு புதுச் சாவியோடு கல்மண்டபம் போனேன். சாவிக்காரர் இரண்டையும் வாங்கி, வெட்டுகள் நேருக்கு நேர் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, விரலால் இறுக்கி, எதிரே வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"இங்க வந்து பாருங்க சார்."

குனிந்து அவர் கண்ணிருந்த இடத்தில் என் கண்ணை வைத்தேன். பழைய சாவியின் விளிம்புக்கு மேலே புதுச் சாவி எழும்பி நின்றது. தலைப்பக்கம் இரண்டும் ஒரே கோடு. நடுவில் ஒன்றும் தெரியவில்லை. நுனிக்கு வரவர புதுப் பித்தளையின் பளபளப்பு, முடி அகலத்துக்கு, மஞ்சளாக மின்னியது.